சத்தமில்லாத மொறுமொறுப்பு

மொறுமொறுப்பான பிஸ்கட்டைக் கடித்தால் சத்தம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருப்பது வேறு, அலுவலகத்துக்குத் தெரிந்திருப்பது வேறு. இந்த வித்தியாசம் மடிப்புக்குத் தெரியாமல் போனதுதான் பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம்.

மடிப்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சலவைக் கடையின் இஸ்திரி அறையில் வேலை பார்க்கிறவள் அவள். அவள் வைக்கிற மடிப்பு சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகும் கலையாது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லிச் சொல்லி, அதுவே பெயராகிவிட்டது. வாய் திறந்து நாலு வார்த்தை பேசக் கூச்சம். முதலாளி திட்டினால்கூட பதிலுக்கு ஒரு காலரைக் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள், அவ்வளவுதான் அவள் கோபம். காலையில் போனால் சாயங்காலம் வரை நீராவி. வீட்டுக்கு வரும்போது முகம் வேகவைத்து எடுத்த மாதிரி இருக்கும்.

பகலெல்லாம் அவளுடைய சின்ன மகள் மாடி வீட்டு அக்காவிடம் இருப்பாள். சாயங்காலம் அம்மாவைப் பார்த்ததும் அந்தக் குழந்தை கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"நாளைக்கும் ஆவிக்குப் போவியாம்மா?"

"போகணும்டா கண்ணு."

அதற்குப் பிறகு குழந்தை புடவைத் தலைப்பை எடுத்து அம்மாவின் முகத்தைத் துடைத்துவிடுவாள்.

விடுமுறை நாளில்தான் வீடு வீடாக இருக்கும். அன்றைக்கு மடிப்பு பிஸ்கட் சுடுவாள். ஓட்ஸை வெறும் சட்டியில் வாசனை வர வறுத்துக்கொள்வாள். பாதாமையும் அக்ரூட்டையும் பொடியாக இல்லாமல், கத்தியால் ஒன்றிரண்டாக நறுக்குவாள். உருக்கிய வெண்ணெயில் சர்க்கரையும் முட்டையின் வெள்ளையும் சேர்த்து, கைப்பிடி மாவைத் தூவி, எல்லாவற்றையும் கலந்து, பட்டர் பேப்பரில் கரண்டி கரண்டியாக இடைவெளி விட்டு வைப்பாள். பிறகு நனைத்த முள்கரண்டியால் தட்டித் தட்டிப் பரப்புவாள். மாவு என்று ஒன்று இருக்கிறதா, வெறும் ஓட்ஸ் மட்டும்தான் படுத்திருக்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லிசாகப் பரப்ப வேண்டும்.

ஓவனிலிருந்து எடுத்தவுடன் அது துவண்டு கிடக்கும். தொடக் கூடாது. அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். ஆற ஆறத்தான் அதற்கு விறைப்பு வரும். ஆறியதும் டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவிட வேண்டும். கொஞ்சம் ஈரக்காற்று பட்டாலும் போச்சு, மறுபடி துவண்டுவிடும். இரண்டு துவளலுக்கு நடுவில் வாழ்கிற பண்டம் அது.

குழந்தை அதை வாயில் போடுவதற்கு முன்னால் அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒடிப்பாள். டொக்கென்று சத்தம் வரும்.

"அம்மா, இது பேசுது."

"என்ன சொல்லுது?"

"என்னைத் தின்னுன்னு சொல்லுது."

தெருமுனைக் காபிக் கடை அண்ணன் ஒருநாள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, கடித்த சத்தம் அடங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இந்தாம்மா, இதை என் கடை ஜாடியில போடு. நீ சுடச் சுட நான் வித்துத் தாரேன். அப்புறம் நீ எதுக்கு அந்த ஆவியில வெந்துக்கிட்டு இருக்கணும்?"

மடிப்பு டப்பாவையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆவிக்குப் போக வேண்டாம். பகலில் மகளோடு இருக்கலாம். இவ்வளவு சுலபமா?

"ஆனா ஒண்ணு," என்றார் அண்ணன். "தின்பண்ட அலுவலகத்துச் சான்று வேணும். சான்று இல்லாம ஜாடியில போட்டா ஜாடியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷனிடம் சொன்னாள். அவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். எந்தப் பூட்டானாலும் திறந்துவிடலாம் என்று நம்புகிற மனிதர்.

"போய்க் கேளேன். கேட்டா கடிச்சா தின்னுடுவாங்க?"

"கடிச்சுத் திங்கத்தானேங்க கொண்டு போறேன்."

கூச்சமெல்லாம் ஊருக்குத்தான், புருஷனிடம் இல்லை.

*

வீட்டுத் தின்பண்டச் செம்மை மற்றும் சீரமைப்பு அலுவலகம் நல்ல பெரிய கட்டடம். உள்ளே நுழைந்ததும் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. கூடத்தின் நடுவில் ஒரு பெரிய ஏர்கூலர் ஈரக்காற்றை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அதன் எதிரே நீளமான மேஜை. மேஜை மேல் ஊரார் கொண்டுவந்த பண்டங்கள் தட்டுத் தட்டாக, வாய் பிளந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

மொறுமொறுப்பு சம்பந்தப்பட்ட விவகாரங்களைக் கவனிப்பவர் செவிவழி ஆய்வு அலுவலர். கடிக்கும்போது எழும் ஒலியைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அவர் பொறுப்பு. ஊரில் அவரைக் காது சார் என்பார்கள். கூலர் காற்று காதுக்கு ஆகாது என்று இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார்.

"என்ன பண்டம்?"

"பிஸ்கட் சார்," என்றாள் மடிப்பு.

"சத்தமா சொல்லுங்கம்மா."

மடிப்பு பலகையைப் பார்த்தாள். அமைதி காக்கவும். அவரைப் பார்த்தாள். பிறகு நடுவாந்தரமாக ஒரு குரலில் சொன்னாள்: "ஓட்ஸும் பருப்பும் போட்ட பிஸ்கட். மெல்லிசு."

"எவ்வளவு மெல்லிசு?"

"பின்னாடி விரல் வெச்சா நிழல் தெரியும் சார்."

"நிழல் தெரிஞ்சா அது கண்ணாடிப் பிரிவு. மூணாவது மாடி. லிப்ட் வேலை செய்யல. மொறுமொறுப்புன்னு சொல்லுங்க, இங்கயே முடிச்சுக்கலாம்."

"மொறுமொறுப்புத்தான் சார்."

"அப்போ நிரூபிக்கணும்."

மடிப்பு டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். இப்போதே கடித்துப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் கை சொன்னது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவசரப்படக் கூடாது. முதல்ல தட்டுல வைங்க. பண்டம் அலுவலகத்தோட பழகணும்."

"மூடி வெச்சுட்டுப் போறேன் சார். ஈரக்காத்து பட்டா..."

"மூடியா? இங்க நடக்கறது திறந்த நிர்வாகம்மா. மூடி வெச்சா ஒளிவு மறைவுன்னு நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க."

மடிப்பு பிஸ்கட்டைக் கூலர் எதிரே விட்டுவிட்டு, பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டவள் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். போனாள். காது சார் பிஸ்கட்டை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். அது நனைந்த கைக்குட்டை மாதிரித் தொங்கியது. அவர் முறைப்படி ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கடித்தார். காத்திருந்தார். இன்னொரு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார். மறுபடி கடித்தார்.

"ஒண்ணும் கேக்கலையேம்மா."

"அது இங்க வெச்சதால சார்."

"அலுவலகத்துல வெச்சதால ஒரு பண்டம் கெடும்னு சொல்றீங்களா?"

மடிப்பு கூலரைப் பார்த்தாள். அவர் எழுதினார்: மேற்படி பண்டம் உரிய முறையில் கடிக்கப்பட்டது. பண்டம் தன் தரப்பில் ஏதும் தெரிவிக்கவில்லை.

*

"அப்போ வீட்டுக்கே வந்து பாக்கச் சொல்லு," என்றார் புருஷன். "சுட்ட இடத்துலயே கடிக்கட்டும்."

கள ஆய்வுக்கு விதியில் இடம் இருந்தது. காது சார் வந்தார். சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஓவன் மணி அடித்ததும் மடிப்பு தட்டை வெளியே எடுத்து மேடையில் வைத்தாள். ஓரமெல்லாம் பொன்னாகச் சிவந்திருந்தது. நடுவில் வெண்ணெய் இன்னும் குமிழிட்டது.

"கொடுங்க."

"ஆறணும் சார்."

"அடுப்பிலிருந்து எடுத்தவுடன்னு விதியில இருக்கு."

"எடுத்தவுடனே அது மெத்துன்னுதான் சார் இருக்கும். கொஞ்ச நேரம் விட்டா..."

"கொஞ்ச நேரங்கறது விதியில இல்லம்மா. ரெண்டே நேரம்தான். எடுத்தவுடன், அலுவலகம் சேர்ந்த பின். நடுவுல நடக்கறதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல."

கரண்டியால் ஒன்றை எடுத்து ஊதிக்கூடப் பார்க்காமல் வாயில் போட்டார். நாக்கு பொத்துப்போனதைக் காட்டிக்கொள்ளாமல், கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: ஒலி எழவில்லை. எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். வந்த நோக்கம், சமையலறையின் திசை, ஸ்டூலின் நிலை, எல்லாவற்றையும் எழுதினார். கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். அதற்குள் தட்டு ஆறிவிட்டது.

"ஒண்ணு எடுத்துக்கறேன், பசிக்குது," என்று எடுத்தார்.

டொக்.

அவர் கை அப்படியே நின்றது. மகள் ஓடிவந்து, "பேசுச்சு, பேசுச்சு," என்று குதித்தாள். அவர் இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. கடக், முடக், டொக் என்று தட்டு பாதிக்கு மேல் காலியானது.

"கேட்டுச்சா சார்?" என்றாள் மடிப்பு. வாழ்க்கையில் அவள் ஓர் அதிகாரியிடம் கேட்ட முதல் கேள்வி.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா," என்றார் அவர், சட்டையிலிருந்த தூளையும் தட்டாமல் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு. "ஆனா அலுவலருக்குக் கேக்கல. அவரு பேனாவை மூடிட்டாரு."

மடிப்பு விடவில்லை. டப்பாவை மூடிய கையோடு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாளே அலுவலகத்துக்குப் போனாள். அவர் எதிரே திறந்தாள். கூலர் காற்று வருவதற்குள் ஒன்றை எடுத்துத் தானே கடித்தாள். அந்த அமைதியான கூடத்தில் அது ஓடு உடைந்த மாதிரிக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்றே விட்டார்.

காது சார் பலகையைக் காட்டினார். "அமைதிக்குப் பங்கம் விளைவிச்சுட்டீங்களே. சத்தம் வர்ற பரிசோதனையை இங்க நடத்த முடியாதும்மா."

"பின்ன எங்க சார்?"

"சத்தத்துக்கு அனுமதி உள்ள இடத்துல."

வாசலுக்குப் போனார்கள். வாசல் என்றால் நாற்சந்தி. லாரி போனது, பஸ் போனது, ஒருத்தர் ஹாரனில் கை வைத்தபடியே போனார். மடிப்பு கடித்தாள், கடித்துக்கொண்டே இருந்தாள். காது சார் கையைக் காதில் குவித்துக் குனிந்து கேட்டார். பிறகு உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"லாரி நல்ல மொறுமொறுப்பு. உங்களது கேக்கல."

*

காது சார் மனசாட்சி இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பாதித் தட்டு அவரை உறுத்தியது. மேலிடத்தில் பேசினார். அங்கே ஆழ்ந்து ஆலோசித்தார்கள். மேஜை மேல் இருந்த எல்லாப் பண்டங்களையும் கடித்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் சத்தம் வரவில்லை. ஊரே ஒரே மாதிரித் தப்புப் பண்ண முடியுமா? முடியாது. ஆகவே தப்பு பண்டத்தில் இல்லை, சத்தத்தில் இருக்கிறது என்று முடிவானது. கொஞ்ச நாளில் சுற்றறிக்கை வந்தது.

'மொறுமொறுப்பு என்பது யாதெனில், கடிப்பவருக்கும் கடிபடுவதற்கும் இடையே எவ்விதச் சச்சரவும் எழாவண்ணம், பண்டமானது அமைதியான முறையில் வளைந்து கொடுக்கும் நற்பண்பாகும்.'

மடிப்புக்குச் சான்று கிடைத்தது. பளபளவென்று லேமினேட் செய்து கொடுத்தார்கள். புருஷன் அதை ஆணியடித்து மாட்டினார்.

"பாத்தியா, எந்தப் பூட்டும் திறக்கும்."

"திறந்ததுங்க. ஆனா கதவு வேற எங்கயோ திறந்த மாதிரி இருக்கு."

"சான்றுல மொறுமொறுப்புன்னு போட்டிருக்கா இல்லையா? அது போதும். நீ பாட்டுக்கு நீ சுடுறதையே சுடு."

சலவைக் கடையில் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். மகள் கேட்டாள், "நாளைக்கும் ஆவிக்குப் போவியாம்மா?" மடிப்பு இல்லை என்றாள். குழந்தை நம்பாமல் இன்னொரு தரம் கேட்டாள். இல்லை என்று இன்னொரு தரம் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது.

இந்த இடத்தில் மாடி அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் எந்தப் புதுப் பழக்கம் வந்தாலும் முதலில் மாடி ஏறி அந்த அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் தெருவுக்கு இறங்கும். வெந்நீரை மட்டும் குடித்த வாரம் உண்டு. பின்பக்கமாகவே நடந்து தபால்காரர் மேல் மோதிய மாதம் உண்டு. அந்த அக்கா சுற்றறிக்கையைப் படித்துவிட்டுக் கீழே வந்தார்.

"கடக்கு முடக்குன்னு கடிக்கறதெல்லாம் பழசும்மா. பல்லுக்கு அதிர்ச்சி கொடுக்கக் கூடாதாம். இப்போ எல்லாரும் மென்கடிதான்."

"மென்கடின்னா என்னக்கா?"

"கண்ணை மூடிக்கணும். உதட்டால வாங்கிக்கணும். அது வளையும் பாரு, அப்போ மனசும் கூடவே வளையணும்."

ஒரு மாதத்தில் ஊரே மென்கடியில் இறங்கிவிட்டது. காபிக் கடையில் ஆட்கள் மற்ற ஜாடிகளிலிருந்த துவண்ட பிஸ்கட்டை இரண்டு விரலில் தொங்கவிட்டு, "என்ன மொறுமொறுப்பு, என்ன மொறுமொறுப்பு," என்று மெதுவாகத் தலையாட்டினார்கள். தலையாட்டாதவர்களுக்கு நாகரிகம் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால் எல்லோரும் ஆட்டினார்கள்.

சங்கடம் என்னவென்றால், மடிப்பின் டப்பா நல்ல டப்பா. அதிலிருந்து ஜாடிக்குப் போன பிஸ்கட் துவளவில்லை. ஒருநாள் காபிக் கடை அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, நேத்து உன் ஜாடி என் மானத்தை வாங்கிடுச்சு."

"என்னண்ணே ஆச்சு?"

"ஒரு பெரிய மனுஷன், குடும்பத்தோட வந்திருக்காரு. வாயில வெச்சாரு. டொக்குன்னுச்சு. கடையே திரும்பிப் பாத்துச்சு. பாவம், மனுஷன் எழுந்து எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டாரு. அவரு சம்சாரம் தனி மேஜைக்குப் போயிட்டாங்க."

"அதுதானே அண்ணே நல்லா இருக்கு? நீங்களே கண்ணை மூடிக்கிட்டு நின்னீங்களே."

"அது அப்போ. எனக்கு நல்லா இருக்கறது வேற, ஜாடிக்கு நல்லா இருக்கறது வேற. சான்றுல போட்ட மாதிரி கொடு. இல்லாட்டி பழையபடி ஆவிக்கே போக வேண்டியதுதான், சொல்லிட்டேன்."

மடிப்பு அடுப்பை அணைத்தாள். பிறகு சலவைக் கடைக்குப் போய், அவள் கையிலேயே தேய்ந்துபோன பழைய நீராவி இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து வேலை இப்படி. ஓட்ஸை வறுப்பாள், பருப்பை நறுக்குவாள், நிழல் தெரியப் பரப்புவாள், பொன்னாகச் சுடுவாள், விறைப்பாக ஆறவிடுவாள். பிறகு ஒவ்வொன்றையும் வரிசையாக அடுக்கி, மேலே பெட்டியைப் பிடித்து ஆவி அடிப்பாள். உயிர் போகிற வரை அடிப்பாள். முகம் வெந்து வழியும். மகள் வாசலில் நின்று பார்த்தாள்.

"அம்மா, ஆவி நம்ம வீட்டுக்கே வந்துடுச்சா?"

"ஆமாண்டா. நான் போகலைன்னு அதுவே தேடிக்கிட்டு வந்துடுச்சு."

*

வியாபாரம் அமோகம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு சாயங்காலம் கொல்லைப்புறக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். திறந்தால் காது சார். காதில் பஞ்சு இல்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, ஆவிக்கு முன்னாடி எடுத்தது ஏதாச்சும் இருக்கா?"

"சான்று இல்லாததா சார்?"

"அதேதான். யாருக்கும் தெரியாமக் கடிச்சுக்கறேன்."

"சத்தம் கேக்குமே சார்."

"வீட்டுல மிக்ஸி இருக்கும்மா. ஓடவிட்டுட்டுக் கடிப்பேன்."

மடிப்பு கொடுத்தாள். மறுநாள் அதே கதவை மாடி அக்கா தட்டினார், முக்காடு போட்டுக்கொண்டு. அடுத்தது காபிக் கடை அண்ணன். அடுத்தது, மன்னிப்புக் கேட்ட அந்தப் பெரிய மனுஷனின் சம்சாரம். ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். கொல்லை வழியில் எதிர்ப்பட்டவர்கள் கீரைப் பாத்தி பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். மடிப்பு வீட்டில் கீரைப் பாத்தி கிடையாது.

சாயங்காலம் ஆனால் தெருவில் வீட்டுக்கு வீடு மிக்ஸி ஓடியது. இந்தத் தெருவில் அப்படி என்னதான் அரைக்கிறார்கள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டிலும் ஓடியது.

இப்படியே காலம் போனது. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே இடைவேளையில் சான்று பெற்ற பிஸ்கட்தான் கொடுப்பார்கள். கண்ணை மூடி, உதட்டால் வாங்கி, வளைத்துத் தின்னச் சொல்லிக்கொடுப்பார்கள். நன்றாக வளைக்கிற பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டுவார்கள். மகள் சட்டையில் எப்போதும் ஒரு நட்சத்திரம் இருந்தது.

ஒரு விடுமுறை நாள். ஜாடிக்குப் போக வேண்டியது போய்விட்டது. இஸ்திரிப் பெட்டி ஆறிக் கிடந்தது. மடிப்புக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஓர் ஆசை. தட்டிலிருந்து ஆவி படாத ஒன்றை எடுத்தாள். ஓரம் சிவந்து, நடுவில் ஒரு பாதாம் துண்டு எழும்பி நின்ற அழகான ஒன்று. மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து, அவள் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒடித்தாள்.

டொக்.

குழந்தை திடுக்கிட்டு மடியிலிருந்து இறங்கினாள். பிஸ்கட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள். அது வளையாமல் இன்னொரு தரம் ஒடிந்தது.

"அம்மா, இது கெட்டுப்போச்சு."

"இல்லடா கண்ணு. இது..."

"சத்தம் வருதுல்ல? மிஸ் சொல்லியிருக்காங்க. சத்தம் வந்தா மொறுமொறுப்பு போயிடுச்சுன்னு அர்த்தம்." பிறகு பெரிய மனுஷி மாதிரி அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பரவாயில்லம்மா. ஆவி காட்டுனா சரியாயிடும்."

சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

மகள் விட்டுப்போன உடைந்த துண்டுகளை மடிப்பு உள்ளங்கையில் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். சுவரில் சான்று பளபளத்தது. எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள். மிக்ஸியை எடுத்து வைத்தாள். ஜாருக்குள் ஒன்றும் போடவில்லை.

சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒரு துண்டை வாயில் வைத்துக் கடித்தாள்.